வயது குறைந்த கண்காணிப்பு மென்பொருளை எடைபோடுவது எப்படி

நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளின் வேலையைச் சுருக்கிச் சொன்னால் மூன்று: கேட்பது, குறித்துவைப்பது, கூப்பிடுவது. ரவுட்டர், ஸ்விட்ச், சர்வர் என்று நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொன்றிடமும் சீரான இடைவெளியில் போய் நிலவரம் கேட்கும். வந்த பதிலை நேரத்தோடு சேர்த்து எழுதிவைக்கும். பதில் சரியில்லை என்றாலோ, பதிலே வரவில்லை என்றாலோ பொறுப்பில் இருப்பவரைக் கூப்பிடும். திரையில் தெரியும் வண்ண வண்ண வரைபடங்கள் எல்லாம் இந்த மூன்றின் மேல் வருபவைதான்.

இந்த வேலைக்கு ஓப்பன் சோர்ஸில், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் வகையில், மென்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பல வருடம் ஊறிய பெரியவை இருக்கின்றன. கூடவே புதியவையும் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. புதியவற்றை நிறுவுவது பெரும்பாலும் சுலபம். முகப்பு பளிச்சென்று இருக்கும். பழையவற்றில் நம்மைப் பாடாய்ப் படுத்திய சில விஷயங்கள் அவற்றில் இருக்கவே இருக்காது. ஆனால் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால் வேறு எரிச்சல்கள் தலைகாட்டத் தொடங்கும். வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? இந்தக் கேள்வியை முதன்முறையாகச் சந்திப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்ற மென்பொருள் முதிராமல் இருப்பதற்கும் இது முதிராமல் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எழுதும் செயலியில் பிழை இருந்தால் எழுதும்போதே தெரிந்துவிடும். கண்காணிப்பு மென்பொருளில் பிழை இருந்தால் பல நேரம் எதுவுமே தெரியாது. அலெர்ட் வரவில்லை, அதனால் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் நிலவரம் கேட்கப் போன புரோகிராமே பாதியில் நின்றுபோயிருக்கலாம். பிரச்சினை இல்லாததால் வரும் அமைதியும், மென்பொருள் செத்துக் கிடப்பதால் வரும் அமைதியும் திரையில் ஒரே பச்சை நிறத்தில்தான் தெரியும். அதனால், வசதிகளின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது இதைத்தான்: தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று இந்த மென்பொருள் சொல்கிறதா?

இது ஏன் முக்கியம் என்பதை ஒரு உதாரணத்தோடு கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நெட்வொர்க் கருவிகளிடம் நிலவரம் கேட்க அதிகம் பயன்படும் நெறிமுறை (புரோட்டோகால்) எஸ்என்எம்பி. 1988இல் வந்தது, இன்றும் கிட்டத்தட்ட எல்லா ஸ்விட்சும் ரவுட்டரும் இதற்குப் பதில் சொல்லும். கேள்வி, யூடிபி என்ற அனுப்பும் முறையில், கருவியின் 161ஆம் போர்ட்டுக்கு (எண்ணிட்ட வாசல் மாதிரி) போகும். கருவி தானாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் 162ஆம் போர்ட்டுக்கு ‘டிராப்’ என்ற செய்தியை அனுப்பும். கருவிக்குள் இருக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் புள்ளி வைத்த நீண்ட எண் ஒன்று உண்டு, அதற்கு ஓஐடி என்று பெயர்.

கேபிள் செருகும் ஒரு போர்ட்டில் எவ்வளவு வேகமாக டேட்டா போகிறது என்று கேட்டால் கருவி வேகத்தைச் சொல்லாது. இதுவரை மொத்தம் இத்தனை பைட் என்று ஒரு கவுன்டரைத் தரும், அவ்வளவுதான். வண்டியின் கிலோமீட்டர் மீட்டரை இரண்டு தடவை பார்த்து, வித்தியாசத்தை நேரத்தால் வகுத்து வேகம் கண்டுபிடிப்பது போல, மென்பொருள்தான் கழித்து வகுத்துக்கொள்ள வேண்டும். சரி, இதில் என்ன சிக்கல்? பழைய கவுன்டர் 32 பிட் அளவு கொண்டது. சுமார் 429 கோடி வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 100 மெகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் ஒரு சுற்று முடிய 5 நிமிடம் 43 விநாடி ஆகும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது இந்தத் துறையில் நெடுநாள் வழக்கம், ஆகவே தப்பித்துக்கொள்ளலாம். ஒரு சுற்று ஆகிவிட்டது என்பதை மென்பொருளால் ஊகித்துக் கணக்கைச் சரிசெய்ய முடியும்.

அதே கவுன்டர் 1 கிகாபிட் லைனில் 34 விநாடியில் சுற்றிவிடும். 5 நிமிடத்துக்குள் எட்டு முறை சுற்றியிருக்கும், அது மென்பொருளுக்குத் தெரிய வழியே இல்லை. மிஞ்சிய வித்தியாசத்தை மட்டும் கணக்கிட்டு ஏதோ ஒரு சின்ன எண்ணை வரைந்துவிடும். லைன் திணறிக்கொண்டிருக்கும், வரைபடம் லேசான போக்குவரத்து என்று காட்டும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. தீர்வு என்னவோ பழையதுதான்: 64 பிட் கவுன்டரைக் கேட்க வேண்டும். 1 கிகாபிட்டில் அது ஒரு சுற்று சுற்ற நாலாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். ஆனால் எஸ்என்எம்பியின் முதல் பதிப்பில் 64 பிட் கவுன்டரே கிடையாது, இரண்டாம் பதிப்பிலாவது பேச வேண்டும். ஒரு இளம் மென்பொருள் எந்தப் பதிப்பில் பேசுகிறது, எந்தக் கவுன்டரைக் கேட்கிறது, 64 பிட் கிடைக்காதபோது சத்தமில்லாமல் 32 பிட்டுக்கு இறங்கிவிடுகிறதா, இறங்கினால் அதைச் சொல்கிறதா என்று பார்த்தாலே அதை எழுதியவருக்கு இந்தத் துறையில் எவ்வளவு அனுபவம் என்று தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கருவி ரீஸ்டார்ட் ஆனால் கவுன்டர் பூஜ்யத்துக்குப் போகும். அதைச் சுற்று என்று தப்பாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் வானத்தைத் தொடும் ஒரு கோட்டை வரைந்துவிடும். ரீஸ்டார்ட் ஆனதா என்று தெரிந்துகொள்ள 1.3.6.1.2.1.1.3.0 என்ற ஓஐடியைக் கேட்கலாம். எஸ்என்எம்பி பகுதி தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அது நூறில் ஒரு விநாடிக் கணக்கில் சொல்லும். அதுவும் 32 பிட்தான். 497 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். ஒரு வருடத்துக்கு மேல் நிற்காமல் ஓடிய ஸ்விட்ச் ஒன்று நடு ராத்திரியில் ‘ரீஸ்டார்ட் ஆகிவிட்டது’ என்று அலெர்ட் தந்து, போய்ப் பார்த்தால் ஒன்றுமே நடக்காமல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான்.

இந்த மாதிரி நுணுக்கங்களை யாரும் முதல் நாளே யோசித்து எழுதிவிடுவதில்லை. அடிபட்ட பயனர்கள் ஒவ்வொருவராக வந்து சொல்லச் சொல்லத்தான் மென்பொருளுக்குள் சேர்கின்றன. பழைய மென்பொருளின் மதிப்பே இந்தச் சேகரிப்புதான். நாகியோஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு சோதனையும் நான்கில் ஒரு எண்ணைத் திருப்பித் தர வேண்டும்: 0 என்றால் சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. அந்த 3தான் எனக்கு மிகவும் பிடித்தது. சோதனையே ஓடவில்லை என்பதற்கும், ஓடி மோசமான பதில் வந்தது என்பதற்கும் நடுவே அது ஒரு கோடு போடுகிறது. ஸாபிக்ஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளில் இத்தனை நேரமாக டேட்டா வரவில்லை என்பதையே ஒரு அலெர்ட்டாக வைக்கத் தனி ஃபங்ஷன் உண்டு. ப்ரொமிதியஸ் என்ற மற்றொன்றில் ஒரு அளவீடு வராமலே போனால், அதன் மேல் எழுதிய சாதாரண விதி மௌனமாகிவிடும். அதற்காகவே ‘இல்லாமல் போய்விட்டதா’ என்று கேட்கும் இன்னொரு ஃபங்ஷனை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இலக்கையும் தொட முடிந்ததா இல்லையா என்று 1, 0 எனத் தனியாகக் குறித்தும் வைக்கிறது.

இப்போது எரிச்சல்களுக்கு வரலாம். எல்லா எரிச்சலும் ஒரே எடை கொண்டதல்ல என்பதுதான் இங்கே புரிந்துகொள்ள வேண்டியது.

ஆவணம் அரைகுறையாக இருக்கும். எழுதிய பக்கம் ஒன்று சொல்லும், மென்பொருள் வேறொன்றைச் செய்யும். உங்கள் கருவியின் மாடலை அதற்குத் தெரியாது. முகப்பில் ஒரு பட்டன் வேலை செய்யாது. இவை எல்லாம் நேரத்தைத் தின்னும், கோபம் வரும், ஆனால் ஏமாற்றாது. என்ன இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இதற்காக ஒரு நல்ல மென்பொருளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

அடுத்தது அப்டேட். பதிப்பு எண் 0.4, 0.9 என்று பூஜ்யத்தில் தொடங்கினால், பரவலாகப் பின்பற்றப்படும் பதிப்பு எண் மரபின்படி எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று பொருள். கான்ஃபிகரேஷன் ஃபைலின் வடிவம் மாறும், டேட்டாபேஸ் அமைப்பு மாறும். 1.0 வந்துவிட்டால் மட்டும் எல்லாம் நிலைத்துவிடும் என்றும் இல்லை. ப்ரொமிதியஸ் 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கியது, 2015 ஜனவரியில் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது, 2016 ஜூலையில் 1.0 வந்தது. 2017 நவம்பரில் 2.0 வந்தபோது சேமிப்பு முறையையே அடியோடு மாற்றிவிட்டார்கள். பழைய டேட்டாவைப் புதியது நேரடியாகப் படிக்காது. பழையதையும் பக்கத்தில் ஓடவிட்டு அதன் வழியாகத்தான் படிக்க முடிந்தது. அந்த மாற்றம் தேவையானது, அதனால் மென்பொருள் பல மடங்கு மேம்பட்டது. ஆனாலும் ஒரு வருட வரைபடத்தைப் பத்திரமாக வைத்திருக்க நினைத்தவருக்கு அது வேதனைதான். அப்டேட் செய்யும் முன் பேக்கப், முதலில் சோதனை சர்வரில், அப்புறம் நிஜத்தில் என்ற ஒழுங்கு இருந்தால் இந்த வகை எரிச்சலோடு வாழலாம்.

மூன்றாவது அலெர்ட் வெள்ளம். நடுவில் இருக்கும் ஒரு ஸ்விட்ச் விழுந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை கருவிகளும் எட்டாமல் போகும். எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்று தெரியாத மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலெர்ட் அனுப்பும். உண்மையான காரணம் அந்தக் குவியலில் எங்கோ புதைந்து கிடக்கும். ‘இருக்கிறாயா’ என்று கருவியைக் கேட்கும் ஒரே ஒரு பிங் தவறியதற்காக ஆளை எழுப்புவதும் இதே ரகம். முதிர்ந்தவை இரண்டு மூன்று முறை மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடும். இதைச் சின்னத் தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். பொய் அலெர்ட்டுக்குப் பழகிய மனிதர் நிஜ அலெர்ட்டையும் தள்ளிவிடுவார். சார்பு உறவுகளைச் சொல்ல வழியும், எத்தனை முறை மறுபடி கேட்க வேண்டும் என்று தீர்மானிக்க வழியும் இல்லாத மென்பொருளை, வந்தவுடன் ஆளை எழுப்பும் பொறுப்பில் வைக்கக் கூடாது. வரைபடம் மட்டும் வரையட்டும்.

நான்காவதுதான் சகிக்கவே கூடாதது: தப்பான எண்ணைச் சரியானதுபோலக் காட்டுவது. மேலே சொன்ன கவுன்டர் கதை ஒன்று. சராசரி இன்னொன்று. இடத்தை மிச்சப்படுத்தப் பழைய டேட்டாவை ஒரு மணி நேரச் சராசரியாகச் சுருக்குவது வழக்கம். ஒரு நிமிடம் லைன் முழுதாக நிரம்பி, மீதி 59 நிமிடம் சும்மா இருந்தால் சராசரி 1.7 சதவீதம்கூட வராது. சுருக்கும்போது உச்ச அளவையும் தனியாக வைத்துக்கொள்ளும் வசதி உண்டா என்று பாருங்கள். டேட்டா வராத நேரத்தில் என்ன வரைகிறது என்பதையும் கவனியுங்கள். கோடு அறுந்து இடைவெளி தெரிந்தால் நேர்மை. பூஜ்யம் என்று வரைந்தால் பொய். முந்தைய அளவையே நீட்டிக்கொண்டு போனால் அதைவிட மோசம்.

இவ்வளவு சொன்ன பிறகும் இளம் மென்பொருளின் பக்கம் எனக்கு உண்மையான ஆசை உண்டு. காரணம், இன்று நாம் நம்பும் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. லைனில் போகும் போக்குவரத்தை வரைபடமாக்கும் எம்ஆர்டிஜியை டோபியாஸ் ஓட்டிகர் எழுதத் தொடங்கியபோது அவர் வேலை செய்த இடத்துக்கு வெளியுலகத் தொடர்பு ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அது எவ்வளவு நிரம்புகிறது என்று எல்லோரும் பார்க்க வேண்டும், அதுதான் தேவை. 1995இல் வெளியிட்டார். பெர்ல் மொழியில் இருந்ததால் அது மெதுவாக ஓடியது. டேவ் ராண்ட் என்பவர் ஆர்வத்தோடு வந்து, வேகம் தேவைப்பட்ட பகுதியை சி மொழியில் எழுதிக் கொடுத்தார். அந்த அனுபவத்திலிருந்துதான் அளவுகளைச் சேமித்து வரைபடம் வரையும் ஆர்ஆர்டிடூல் 1999இல் வந்தது, பிறகு எத்தனையோ கண்காணிப்பு மென்பொருள்கள் அதன் மேல் எழுந்தன. ஈதன் கால்ஸ்டாட்டின் நெட்செயின்ட் 1999இல் வந்தது. 2002இல் நாகியோஸ் என்று பெயர் மாறியது. ஸாபிக்ஸை அலெக்ஸி விளாடிஷெவ் 1998இல் தன் வேலையிடத்துத் தேவைக்காகத் தொடங்கினார். 2001இல்தான் பொதுவில் வந்தது.

மூலநிரல் திறந்திருப்பதன் பலன் இலவசம் என்பதோடு நிற்பதில்லை. மேலே கேட்ட கேள்விகள் அத்தனைக்கும் பதிலை நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம்: எந்தக் கவுன்டரைக் கேட்கிறது, பதில் வராவிட்டால் என்ன செய்கிறது என்று. புரோகிராம் எழுதத் தெரியாதவரும் தேடிப் படிக்கக்கூடிய அளவுக்கு இளம் மென்பொருள் சிறியதாக இருக்கும். எழுதியவரே உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வார். காலை சொன்ன குறையை மாலைக்குள் திருத்தித் தருவதும் இந்தப் பருவத்தில்தான் நடக்கும். பெரிய மென்பொருளில் அதே குறை வருடக்கணக்கில் வரிசையில் நிற்கும், ஏனென்றால் அங்கே ஒன்றைத் தொட்டால் ஆயிரம் பேருக்கு உடையும்.

அதோடு, வழி பிரிந்தாலும் உழைப்பு வீணாகாது. நாகியோஸின் வளர்ச்சி மந்தமாக இருக்கிறது என்று நினைத்தவர்கள் 2009இல் பிரிந்து ஐசிங்காவைத் தொடங்கினார்கள். அப்சர்வியம் என்ற கண்காணிப்பு மென்பொருள் தன் உரிமத்தை மாற்றியபோது, யாரும் எடுத்து மாற்றிப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்த கடைசிப் பதிப்பை எடுத்துக்கொண்டு 2013இல் லிப்ரெஎன்எம்எஸ் பிறந்தது. அதனால் உரிமம் என்ன என்பதை முதல் நாளே பாருங்கள். ஜிபிஎல், ஏஜிபிஎல், அப்பாச்சி போன்ற தெரிந்த பெயராக இருந்தால் நிம்மதி. ‘மூலநிரலைப் பார்க்கலாம், ஆனால்’ என்று தொடங்கும் சொந்த உரிமமாக இருந்தால், இந்த வாசல் மூடியிருக்கிறது.

ஆட்கள் எத்தனை பேர் என்பதும் முக்கியம். நிரல் மாற்றங்களின் வரலாற்றைத் திறந்தால் எல்லாம் ஒரே பெயரில் இருக்கிறதா, இரண்டாவது மூன்றாவது பெயர் எட்டிப் பார்க்கிறதா என்று தெரியும். ஒரே ஆள் என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம், மேலே சொன்ன எம்ஆர்டிஜி, நாகியோஸ், ஸாபிக்ஸ் எல்லாம் ஒரே ஆளில் தொடங்கியவைதான். ஆனால் வெளியிலிருந்து வந்த திருத்தங்களை அவர் எப்படி ஏற்கிறார் என்று பாருங்கள். பிழைப் பட்டியலில் ‘தப்பான அளவு காட்டுகிறது’ என்ற வகைப் புகார்களைத் தேடி, அவற்றுக்கு என்ன பதில் வந்தது என்று படியுங்கள். ‘எந்தக் கருவி, என்ன பதில் வந்தது, அனுப்புங்கள்’ என்று கேட்பவர் நல்ல அறிகுறி. புது நிறத் தீம் பற்றிய வேலை ஓடிக்கொண்டிருக்க, தப்பான அளவு பற்றிய புகார் மாதக்கணக்கில் தொடாமல் கிடந்தால் அந்த இடத்தை விட்டு நகர்வது நல்லது.

சோதித்துப் பார்ப்பதற்கு நான் சொல்லும் முறை எளியது. ஏற்கெனவே ஓடும் மென்பொருளை நிறுத்தாதீர்கள். புதியதைப் பக்கத்தில் ஓடவிட்டு, ஒரே போர்ட்டின் வரைபடத்தை இரண்டிலும் திறந்து ஒப்பிடுங்கள். பழையது எதுவும் இல்லையென்றால், தெரிந்த அளவுள்ள ஒரு பெரிய ஃபைலை அந்த லைன் வழியாக அனுப்பி, வரைபடம் காட்டும் கணக்கோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அப்புறம் வேண்டுமென்றே உடையுங்கள். முக்கியமில்லாத ஒரு கருவியின் கேபிளைப் பிடுங்குங்கள். எஸ்என்எம்பி பாஸ்வேர்டு போல இருக்கும் கம்யூனிட்டி பெயரை மாற்றிவையுங்கள். கருவி உயிரோடு இருந்தும் பதில் வராத இந்த நிலையை அது எப்படிக் காட்டுகிறது? நிலவரம் கேட்கும் புரோகிராமை மட்டும் கொன்றுவிட்டு முகப்பைப் பாருங்கள்: எல்லாம் இன்னும் பச்சையாகவே இருக்கிறதா, ‘கடைசியாகப் பார்த்து 20 நிமிடம் ஆயிற்று’ என்று சொல்கிறதா? டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்க்கை நிரப்பிப் பாருங்கள். இந்தச் சின்னச் சேட்டைகள் ஒரு மாதம் சும்மா ஓட்டிப் பார்ப்பதைவிட அதிகம் சொல்லும். கண்காணிப்பு சர்வரே விழுந்தால் யார் சொல்வது என்பதற்கு, வேறொரு இயந்திரத்திலிருந்து அதை மட்டும் பார்க்கும் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் போதும். இதை எந்த மென்பொருளுக்கும் செய்துதான் ஆக வேண்டும்.

வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால், உங்கள் உழைப்பை அதற்குள்ளேயே பூட்டிவைக்காதீர்கள். சோதனைகளை முடிந்தவரை தனி ஸ்கிரிப்ட்களாக, நாகியோஸின் அந்த நான்கு எண் முறையிலேயே எழுதுங்கள். ஐசிங்கா உட்படப் பல மென்பொருள்கள் அதே ஸ்கிரிப்ட்டை மாற்றாமல் எடுத்துக்கொள்ளும். கருவிகளின் பட்டியல் முகப்பில் கிளிக் செய்து சேர்த்ததாக மட்டும் இருக்க வேண்டாம், ஒரு எளிய ஃபைலாக, மாற்றங்களின் வரலாற்றைக் காத்துவைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளுக்குள் இருக்கட்டும். நாளை மென்பொருள் நின்றுபோனாலும் மாறிப் போவது ஒரு வார வேலையாக இருக்கும், ஒரு வருட வேலையாக இருக்காது.

அப்புறம், உங்கள் கருவியை அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை என்றால் புகார் மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எஸ்என்எம்பிவாக் என்ற கட்டளை, கருவி சொல்லக்கூடியவற்றை வரிசையாகக் கொட்டிவிடும். எழுதுபவரிடம் உங்கள் மாடல் இருக்காது, அந்த வெளியீடுதான் அவருக்குக் கண். லிப்ரெஎன்எம்எஸ் இப்படிச் சேகரித்த பதில்களைச் சோதனைத் தரவாகவே வைத்துக்கொள்கிறது, அடுத்த மாற்றத்தில் உங்கள் கருவிக்கான ஆதரவு உடைந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அனுப்பும் முன் ஒன்று மட்டும் செய்யுங்கள்: அந்த வெளியீட்டில் ஐபி முகவரிகள், கருவி இருக்கும் இடம், பொறுப்பாளரின் பெயர் எல்லாம் இருக்கும். எஸ்என்எம்பியின் முதல் இரண்டு பதிப்புகளில் கம்யூனிட்டி பெயரைக் கட்டளையோடு சேர்த்தே தட்டுவதால், நீங்கள் ஒட்டும் கட்டளை வரியிலும் அது அப்படியே தெரியும். அவற்றை நீக்கிவிட்டு, கருவியின் மாடலையும், அதன் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பையும் மேலே எழுதி அனுப்புங்கள்.